கண்ணாடி இல்லாத கேமரா

கண்ணை அதுவே தேடிப் பிடித்துக்கொள்ளுமாம். சட்டைப் பையின் மேல் பெனிட்டா என்று பேர் குத்தியிருக்கும் இந்தப் பெண், புதுக் கேமராவை என் கையில் கொடுத்துவிட்டு, "நான் நடக்கேன், நீங்க என்னயவே பாருங்க சார்" என்று கவுண்டருக்கு அந்தப் பக்கம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்து காட்டுகிறாள். ஒரு பச்சைக் கட்டம் அவளுடைய இடது கண்ணில் போய் உட்கார்ந்துகொண்டு கூடவே நடக்கிறது. திரும்பினால் வலது கண்ணுக்குத் தாவுகிறது. குனிந்து எதையோ எடுப்பதுபோல் மறைந்தால் காத்திருந்து, நிமிர்ந்ததும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்கிறது, ஈயைப்போல. ஈ என்று ஏன் நினைத்தேன். "நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம் சார், கண்ண அது பாத்துக்கிடும்." கண் மூடியிருந்தால் என்னம்மா செய்யும் என்று கேட்டேன். மூடியிருந்தால் முகத்தைப் பிடித்துக்கொள்ளும் என்றாள். அடுத்த கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. திறந்திருந்து, ஆனால் பார்க்காமல் இருந்தால்? கேட்கவில்லை. கல்யாணப் படம் எடுக்கிறவன் கேட்கிற கேள்வியா அது. இருபத்தெட்டு வருஷமாக எங்கள் ஊரில் லிங்கம் ஸ்டுடியோ வைத்திருக்கிற சங்கரலிங்கம், பழைய கேமராவைக் கொடுத்துப் புதுசு மாற்றிக்கொண்டு போகலாமா வேண்டாமா என்று பார்க்கத் திருநெல்வேலிக்கு பஸ் ஏறி வந்திருக்கிறேன், அவ்வளவுதான் இவளுக்குத் தெரியும். பழைய கேமராவை உள் அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மைதீன் பாய் என்று ஒருவர் அதைக் குடைந்துகொண்டிருக்கிறார், தொப்பிக்கு மேலே ஒரு விளக்கை மாட்டிக்கொண்டு. நெற்றியில் விளக்கு மாட்டிய ஆட்களை ஆஸ்பத்திரியில்தான் பார்த்திருக்கிறேன். "ஒரு மணி நேரம் ஆவும் சார், உக்காருங்க. பாடி மட்டும் எடுக்கப்போறீங்களா, லென்ஸோடயா?"

பாடி மட்டும். எங்கள் தொழிலில் கேமராவை அப்படித்தான் சொல்வோம், லென்ஸைக் கழற்றிவிட்டால் மிச்சம் பாடி. ஏட்டையாவும் அப்படித்தான் சொல்வார், போனில், காலை ஆறு மணிக்கோ மத்தியானம் சாப்பிட உட்காரும்போதோ. "லிங்கம், ஒரு பாடி இருக்கு, வந்துட்டுப் போ." நான் ஸ்டேஷன் ஆள் இல்லை. ஊரில் இரண்டு ஸ்டுடியோ இருக்கிறது, இன்னொருவன் பிணம் என்றால் வாந்தி எடுப்பான், அதனால் என்னைக் கூப்பிடுவார்கள். குளத்தில் மிதந்தவர்கள், தண்டவாளத்தில் கிடந்தவர்கள், மருந்து குடித்தவர்கள். அறுபது பேராவது இருக்கும். அதே கேமராவால் மறுநாள் காதுகுத்து எடுப்பேன். வீட்டுக்கு வந்ததும் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து அதை ஒருமுறை துடைத்துவிடுவேன், அவ்வளவுதான் அதற்கும் இதற்கும் நடுவில். தங்கபுஷ்பம், என் வீட்டுக்காரி, அந்தப் பஞ்சைக் கண்டாலே இன்றைக்கு எங்கே போய்வந்தேன் என்று தெரிந்துகொண்டு கேட்காமல் வெந்நீர் போடுவாள். அவளும்தான் சொன்னாள், எல்லாரும் புதுசு வாங்கிவிட்டார்கள், நீங்கள் மட்டும் இந்தக் கல்லைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு அலைகிறீர்கள் என்று. உண்மைதான். தோள் வலிக்கிறது. பெண் வீட்டுக்காரர்கள் இப்போது போனிலேயே கேட்கிறார்கள், மிரர்லெஸ்ஸா சார் என்று, மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம் உண்டா என்று கேட்கிற அதே குரலில். இருட்டு மண்டபத்தில் பழையது புள்ளி புள்ளியாக அடிக்கிறது. எல்லாம் நிஜமான காரணம்தான். பஸ்ஸில் வரும்போது ஒவ்வொன்றாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். நிஜமான காரணத்தை எதற்கு ஒருவன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

டீ கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். மடியில் புதுக் கேமரா இருக்கிறது, சும்மா வைத்துப் பாருங்கள் என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். லேசாக இருக்கிறது, ஒரு சின்ன டிபன் டப்பா மாதிரி. எடுத்துக் கண்ணில் வைக்கிறேன். தெருவில் ஒரு ஆள் வாழைத்தார் சுமந்துகொண்டு போகிறான், அழுத்துகிறேன், சத்தமே இல்லை. இன்னொருமுறை அழுத்துகிறேன். அப்போதுதான் புரிகிறது எது இல்லையென்று. இருட்டு இல்லை. பழைய கேமராவில் உள்ளே ஒரு கண்ணாடி உண்டு, லென்ஸில் வருவதை மேலே அனுப்பி நம் கண்ணுக்குக் காட்டும். பொத்தானை அழுத்துகிற நொடியில் அந்தக் கண்ணாடி மேலே எழும்பி வழிவிடும். அந்த நொடி நமக்கு இருட்டு. டப் என்று ஒரு சத்தம், ஒரு கறுப்பு, மறுபடி வெளிச்சம். படம் பதிகிற அந்த நொடியை மட்டும் எடுக்கிறவன் பார்ப்பதில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கு இது பெரிய ஆச்சரியமாக இருந்தது, பிறகு மறந்துபோயிற்று, பிறகு பிணம் எடுக்கப் போனபோது ஆறுதலாக இருந்தது. நான் பார்க்கவில்லை, கேமராதான் பார்த்தது என்று. இதில் கண்ணாடி இல்லை, மிரர்லெஸ் என்பது அதுதான். வாழைத்தார்காரன் ஒரு இடத்திலும் மறையாமல் நடந்துகொண்டே போகிறான், நான் எடுத்தபோதும் எடுக்காதபோதும். எவ்வளவு பெரிய வசதி என்று பெனிட்டா சொல்வாள். இதைக் கண்ணில் வைத்துக்கொண்டு அந்த அறைக்குள் போயிருந்தால். வேண்டாம். தெருவைப் பார்.

ஆவுடைச்செல்வியின் கல்யாணத்தை நான்தான் எடுத்தேன். ரைஸ்மில் பலவேசம் மகள். எங்கள் ஊருக்கு ஆறு மைல் முன்னாலேயே மெயின் ரோட்டில் அந்த மில் இருக்கிறது, பலவேசம் அங்கே முப்பது வருஷமாக மிஷின் ஓட்டுகிறார், முதலாளி இல்லை, ஆனால் எல்லாரும் ரைஸ்மில் பலவேசம் என்றுதான் சொல்வார்கள். மகளை எங்கள் ஊரில் கொடுத்தார். முகூர்த்தத்துக்கு முன்னால் தனிப்படம் எடுக்க மணமகள் அறைக்குப் போனேன். அலங்காரக்காரி வெளியே போனதும் அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணாச்சி, எனக்குக் கழுத்து குட்ட. அது தெரியாம எடுங்க" என்றாள். எல்லாப் பெண்களுக்கும் ஏதாவது ஒன்று இருக்கும், மூக்கு, பல், நெற்றி. கழுத்து என்று சொன்னவள் இவள் ஒருத்திதான். தாடையைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, பிறகு ஒரு துளி இறக்கு, தோளைத் தளர்த்து, இடது பக்கம் திரும்பு என்று சொல்லி ஒரு ஸ்டூலில் ஏறி நின்று எடுத்தேன். அரைமணி நேரம் அந்தக் கழுத்தோடு மெனக்கெட்டிருக்கிறேன். திரையில் காட்டியபோது சிரித்துவிட்டாள். "இது நானாண்ணாச்சி?" என்றாள். பலவேசம் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளி போகிற இடமெல்லாம் கூடவே போய்க்கொண்டிருந்தார், எந்தப் படத்திலும் நிற்கவில்லை, கடைசியில் நான் கையைப் பிடித்து இழுத்துவந்து மகள் பக்கத்தில் நிறுத்தினேன். அந்தப் படத்தில் அவர் கேமராவைப் பார்க்கவில்லை, இலை போதுமா என்று பந்தியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பதினோரு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை ஏட்டு கூப்பிட்டார். தெருப்பேர் சொன்னபோதே எனக்கு வீடு தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை, அல்லது தெரிந்தும் வேறு வீடாக இருக்கும் என்று சைக்கிளை, இல்லை, அப்போது வண்டி வாங்கிவிட்டேன், வண்டியை மிதித்தேன். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் செத்தால் போலீசோடு ஒரு அதிகாரியும் வந்து விசாரிப்பார், அவர் வாசலிலேயே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். தூக்கு என்று சொன்னார்கள். இறக்கிக் கோரைப்பாயில் கிடத்தியிருந்தார்கள். ஜன்னல் சாத்தியிருந்தது. சுவரில் நான் பெரிசு பண்ணிக் கொடுத்த கல்யாணப் படம் மாட்டியிருந்தது, அதில் கழுத்து நீளமாக இருந்தது. அறையை எடுத்தேன், விட்டத்தை எடுத்தேன், சேலையை எடுத்தேன், முகத்தை எடுத்தேன். எல்லாம் சுத்தமாக வந்தது. அதிகாரி வாசலிலிருந்தே, "கழுத்த எடுங்க, இடது பக்கம், கிட்டப் போயி" என்றார். கிட்டப் போனேன். முட்டி போட்டேன். பாயில் அவள் தலைமாட்டில் ஒரு ஹேர்பின் கிடந்தது. அந்த ஹேர்பின்னைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன், கறுப்பு, ஒரு முனையில் ரப்பர் போயிருந்தது, வேறு எதையும் யோசிக்க முடியாதபோது அதை யோசிக்கலாம். நாலு படம் எடுத்தேன். பொத்தானைப் பாதி அழுத்தினால் ஃபோகஸ் பிடித்ததும் பீப் என்று சொல்லும். சொன்னது. நாலு தடவையும் சொன்னது. ஆனால் அது பிடித்தது கழுத்தை இல்லை, பின்னாலிருந்த பாயை. கோரைப் புல் ஒவ்வொன்றாக எண்ணலாம், அவ்வளவு துல்லியம். கழுத்து மட்டும் பனிக்குள் இருப்பதுபோல். அங்கே என்ன இருந்தது என்று. டீ ஆறிவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் மைதீன் பாய் ஒரு சின்ன தூரிகையால் எதையோ தட்டுகிறார், குழந்தைக்குப் பவுடர் போடுவதுபோல. யாரும் என்னை மிரட்டவில்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் இதுதான் வந்து நிற்கிறது. புருஷன் அங்கே இல்லை, அவன் அண்ணன் வாசல் பக்கம் நின்றான், ஆனால் என்னைப் பார்க்கக்கூட இல்லை, போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தான். மிரட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பயந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கை நடுங்கியதா? நடுங்கினால் பாயும் ஆடியிருக்கும், பாய் ஆடவில்லை. திரையில் போட்டுப் பார்த்தேன். பார்த்தேன். மங்கல் என்று தெரிந்தது. இன்னும் ஒரு அடி கிட்டே போய், புள்ளியை நகர்த்தி, மறுபடி அழுத்த வேண்டும், ஐந்து விநாடி வேலை. அதற்கு நான் அந்த இடத்தை மறுபடி பார்க்க வேண்டும். எழுந்து நின்று, "எடுத்தாச்சு சார்" என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். வெளியே வந்து வண்டியை எடுத்தபோது பசித்தது, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து கோர்ட்டில் கூப்பிட்டார்கள். தூக்கு மாட்டியதற்கு முன்னாலேயே கழுத்தில் வேறு ஏதாவது தடம் இருந்ததா என்பதுதான் கேஸே. பிரேதப் பரிசோதனை அறிக்கையில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று எழுதியிருந்தது, அதிகாரியோ வாசலைத் தாண்டவில்லை, மிச்சம் என் நாலு படம். அதைப் பெரிசாக்கி நீதிபதியிடம் கொடுத்தார்கள், அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார். இதில் ஏன் தெளிவில்லை என்று வக்கீல் கேட்டார். அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும், ஆனால் பதில் யோசித்துக்கொண்டு போகவில்லை, அது தானாக வாயில் வந்தது. "கேமரா பழசு சார். அப்பப்ப ஃபோகஸ் வாங்காது." டைப் அடிக்கிற சத்தம் கேட்டது. வாசித்துக் காட்டினார்கள், கேமராவில் பழுது இருந்தபடியால், என்று அழகான தமிழில் இருந்தது, கையெழுத்துப் போட்டேன். உள்ளே பார்த்ததை யாரும் கேட்கவில்லை, படத்தில் இருப்பதை மட்டும் கேட்டார்கள். படத்தில் பாய் இருந்தது. சந்தேகத்தின் பலன் என்று சொல்லி அவள் புருஷனை விட்டுவிட்டார்கள். பலவேசம் வராந்தாவில் நின்றிருந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "நீரு என்ன செய்வீரு வே, மிசினு செய்த வேல" என்று என் தோளைத் தொட்டார். மிஷினோடு இருக்கிற மனுஷன், மிஷின் கெட்டுப்போகும் என்பது அவரைப்போல யாருக்குத் தெரியும். அந்தக் கை பட்ட தோளில்தான் கேமரா தொங்கிக்கொண்டிருந்தது.

போன வியாழக்கிழமை பலவேசம் ஸ்டுடியோவுக்கு வந்தார். நான் ஒரு பாஸ்போர்ட் படத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். உட்காரச் சொன்னேன், தவிடு ஒட்டும் என்று சொல்லி நின்றுகொண்டே பேசினார். மதுரையில் மேல்கோர்ட்டில் அப்பீல் போட்டிருக்கிறாராம், புது வக்கீலாம், நல்ல பையனாம். "அவரு ஒரு விசயம் கேட்டாரு லிங்கம். கேமரா பழசுன்னு சொல்லி விட்டுட்டாங்களே, அந்தக் கேமராவ யாராச்சும் சோதிச்சாங்களான்னு கேட்டாரு. இல்லன்னேன். அப்ப அத ஒரு ஆளு வச்சுப் பாக்கலாம், மனு போடலாம்னு சொல்லுதாரு. ஒம்மக்கிட்ட அது இன்னும் இருக்குல்லா?" இருக்கிறது அண்ணாச்சி என்றேன். அலமாரியில் அவர் முகத்துக்கு நேராகத்தான் இருந்தது. "அத வித்துராதேயும். பழுதுன்னு தெரிஞ்சுட்டா எனக்கும் ஒரு மட்டுக்கு மனசு ஆறிப்போவும்." பிறகு, வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தோ என்னவோ, தன்னையும் ஒரு பாஸ்போர்ட் படம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். கண்ணிமையில் தவிடு இருந்தது, அது ஒவ்வொரு துகளாகத் தெரிந்தது. இன்றைக்குச் செவ்வாய். காலையில் எழுந்து, தோள் வலிக்கிறது, பெண் வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள், இருட்டில் புள்ளி அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன். கேமராவைக் கொடுத்துவிட்டால் கடைக்காரர்கள் யாருக்காவது விற்றுவிடுவார்கள், அது எங்கேயாவது தென்காசிப் பக்கமோ தூத்துக்குடிப் பக்கமோ மஞ்சள்நீர் விழா எடுத்துக்கொண்டிருக்கும். தொழிலுக்காக மாற்றினேன் அண்ணாச்சி, மறந்தே போய்விட்டேன். மறந்தே போய்விட்டேன் என்பதை எந்தக் குரலில் சொல்ல வேண்டும் என்றுகூட பஸ்ஸில் பார்த்துக்கொண்டேன். பக்கத்து சீட்டுக்காரர் என்னவென்று கேட்டார்.

மைதீன் பாய் விளக்கைக் கழற்றிவிட்டு வருகிறார். என் கேமராவை ஒரு மஞ்சள் துணியில் வைத்து இரண்டு கையாலும் கொண்டுவருகிறார். "நல்லா வச்சிருக்கியள் அண்ணாச்சி. இந்த மாடல்ல இப்பிடி நான் பாத்ததே இல்ல." ஃபோகஸ் எப்படி என்று கேட்கிறேன், தண்ணீர் கேட்பதுபோல. "மூணு லென்ஸ் போட்டுப் பாத்தாச்சு. சுவர்ல சார்ட் இருக்குல்லா, அதுல மயிரிழை கூட வெலகல. கடையில இருக்க பாதி புதுசவிட இது துல்லியம்." முன்னால் எப்போதாவது கோளாறு இருந்து, நாலு வருஷம் முன்னால், பிறகு அதுவே சரியாகியிருக்குமா என்கிறேன். அவர் என்னைப் பார்க்கிறார். கேமராவைத் திருப்பி அடியிலிருக்கிற திருகாணிகளைக் காட்டுகிறார். "இதத் தெறந்து ரிப்பேர் பாத்த தடமே இல்ல. கம்பெனியில முடுக்குனது முடுக்குனபடி இருக்கு. எனக்குத் தெரிஞ்சு, தானா கெட்டுத் தானா சரியாவுற சாமான் இல்ல இது." பிறகு என்ன நினைத்தாரோ, "ஏன், ஏதாவது படம் மங்கலா வந்துச்சா?" என்கிறார். ஒன்று இரண்டு என்றேன். "அப்ப எடுத்தவரு வேற எங்கயோ பாத்துருப்பாரு" என்று சிரிக்கிறார். விளையாட்டாகத்தான் சொல்கிறார். நானும் சிரித்திருக்க வேண்டும், பெனிட்டாவும் சிரித்தாள்.

அவள் ஒரு தாளை நீட்டுகிறாள். பழைய கேமராவை எடுத்துக்கொள்ளும்போது எல்லாரிடமும் வாங்குவார்களாம், வாங்குகிறவர்கள் நாளைக்கு வந்து சண்டை போடக்கூடாது இல்லையா. கேமராவின் நம்பர், என் பேர், விலாசம், தேதி. கீழே அச்சடித்திருக்கிறது: மேற்படி கேமராவில் வாங்கிய நாள் முதல் இன்று வரை எந்தப் பழுதும் ஏற்பட்டதில்லை என்று உறுதி கூறுகிறேன். பழுது இருந்ததுண்டா என்று கேட்டு ஒரு கட்டமும் போட்டிருக்கிறது, இருந்தால் எழுதலாம். "உங்களுதுதான் ஒண்ணுமில்லையே சார், கையெழுத்து மட்டும் போடுங்க." கை போட்டுவிடுகிறது. இருபத்தெட்டு வருஷமாக ஒரே மாதிரி விழுகிற கையெழுத்து, ச-வின் மேலே ஒரு கொக்கி. மை காய்வதற்குள் அதைப் பார்க்கிறேன். இதே கொக்கி அங்கேயும் இருக்கிறது, கோர்ட்டில், கேமராவில் பழுது இருந்தபடியால் என்பதற்குக் கீழே. இரண்டு தாள், ஒரு கை. இந்தத் தாள் இந்தக் கடையின் இழுப்பறையில் கிடக்கும், நம்பரோடு. அந்த வக்கீல் பையன் கெட்டிக்காரனாம். நல்லவனாக ஆகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒளிக்க வந்த இடத்தில் ஒப்புதல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்ற பயம், அவ்வளவுதான். "வேண்டாம்மா" என்றேன். "என்ன சார்?" "மாத்தல. பெறவு வாரேன்." தாளை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். புதுக் கேமராவை கவுண்டரில் வைத்தபோது அது மேலே இருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது. "லேசா இருக்குன்னு சொன்னீங்களே சார்" என்றாள், பாவம், ஒன்றரை மணி நேரம் நடந்து நடந்து காட்டியவள்.

பஸ்ஸில் ஜன்னல் சீட். கேமரா மடியில். தாளைக் கிழிக்கலாம், எடுக்கிறேன், மடிப்பைப் பிரிக்கிறேன், மறுபடி மடிக்கிறேன். கிழித்துவிட்டால்? கேமரா இருக்கிறது. கேமராவைப் பாலத்தில் வைத்து ஆற்றில் போட்டுவிட்டால்? வீட்டில் கணினியில் அந்தப் பாய் இருக்கிறது, புல் புல்லாக. அதையும் அழித்துவிட்டால்? அழித்துவிடலாம். எல்லாவற்றையும் ஒரு மத்தியானத்தில் செய்துவிடலாம், அப்புறம் ராத்திரிச் சாப்பாடு. ஆனால் பலவேசம் மறுபடி வருவார், தவிடு ஒட்டும் என்று நின்றுகொண்டு பேசுவார், என்னிடம் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் தோளைத் தொடுவார். அதுதான். கோர்ட்டு, போலீசு, பொய்ச்சாட்சிக்கு உள்ளே போடுவார்களா என்பதெல்லாம் வரட்டும், அந்தக் கை இன்னொரு முறை தோளில் படுவதை நினைத்தால்தான் உட்கார முடியவில்லை. கண்டக்டர் வந்து எங்கே என்கிறார். ஊர்ப்பேரைச் சொல்ல வாயெடுத்து, ரைஸ்மில் ஸ்டாப் ஒன்று என்கிறேன். இன்னும் ஐம்பது நிமிஷம் இருக்கிறது. எப்படிச் சொல்வது. அண்ணாச்சி, கேமராவில் கோளாறு இல்லை. இல்லை, இது கேமராவைப் பற்றியது. அண்ணாச்சி, படம் மங்கலாக வந்ததற்குக் காரணம். இது படத்தைப் பற்றியது. எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாலும் வாக்கியம் வளைந்து வேறு எங்கோ போய் உட்கார்ந்துகொள்கிறது. முக்கூடல் தாண்டி வெயில் வெள்ளையாக அடிக்கிறது, கண்ணை மூடினால் ஹேர்பின். திறந்துகொள்கிறேன். ஸ்டாப் வந்தபோது எழுந்திருக்கவில்லை. வண்டி நகர்ந்துவிட்டது. பிறகுதான் கத்தினேன், கண்டக்டர் திட்டிக்கொண்டே விசில் அடித்தார். அரை பர்லாங் திரும்பி நடந்தேன்.

மில் ஓடிக்கொண்டிருக்கிறது. தகரக் கூரை அதிர்கிறது. பலவேசம் என்னைப் பார்த்துவிட்டுப் பெல்ட்டை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வருகிறார், தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டே. என் தோளில் கேமராவைப் பார்க்கிறார். முகம் மலர்கிறது. "கொண்டாந்துட்டீரா! வக்கீலு கேக்கதுக்கு முன்னாடியே."

"அண்ணாச்சி, இதுல பழுது இல்ல."

"இப்ப சரி பாத்துட்டீராக்கும்?"

"இல்ல. அன்னைக்கும் இல்ல." மில் சத்தம். இன்னும் கிட்டே போக வேண்டியிருக்கிறது. "நான் பாத்தேன் அண்ணாச்சி. எடுத்த ஒடனே தெரயில பாத்தேன். மங்கலாத்தான் இருந்துச்சு. இன்னொன்னு எடுத்துருக்கலாம். எடுக்கல. எடுத்தாச்சுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். கோர்ட்டுல கேமரா மேல போட்டுட்டேன்."

அவர் துண்டை மடித்தார். மறுபடி பிரித்தார். அடிப்பார் என்று நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டேன் போலிருக்கிறது, திறந்தபோது அவர் அதே இடத்தில்தான் நின்றார்.

"யாரும் சொல்லிச் செய்தீரா?"

"இல்ல."

"காசு வாங்குனீரா?"

"இல்ல அண்ணாச்சி. யாரும் ஒண்ணும் சொல்லல. என்னால அங்கன பாக்க முடியல."

இது அவருக்குப் புரியவில்லை. எனக்குத் தெரிகிறது. காசு வாங்கினேன் என்று சொல்லியிருந்தால் புரிந்திருக்கும். என் செருப்பைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார்.

"அங்கனன்னா, எங்கன? என்னவே இருந்துச்சு?"

கேமரா வாரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"எனக்குத் துணியச் சுத்தித்தான் குடுத்தாவ. தாடை வரைக்கும் கட்டு. தெறக்கக் கூடாதுன்னுட்டாவ. நானும் அவ அம்மையும் மொகத்தத்தான் பாத்தோம். நீரு பாத்தீருல்லா. என்ன இருந்துச்சு எம்புள்ளைக்கு?"

"சேலை இறுக்குன தடம் மேல போச்சு, காதுப் பக்கமா. அது வேற. அதுக்குக் கீழ," என்றேன். "அதுக்குக் கீழ வெரலு. நாலு. இடது பக்கம், ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா. செவப்பா இல்ல, கருநீலமா."

அவர் தன் கையைத் தூக்கிப் பார்த்தார், ஏதோ வேறு யாருடைய கை என்பதுபோல. தவிடு படிந்த அந்த நாலு விரலையும் தன் கழுத்தில் வைத்தார்.

"இப்பிடியா?"

"இன்னும் கொஞ்சம் கீழ."

இறக்கினார். "இங்கனயா?"

"ஆமா."

உள்ளேயிருந்து யாரோ, நெல் தீர்ந்துவிட்டது என்று அவரைக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை. அந்தக் கையைக் கழுத்திலேயே வைத்துக்கொண்டு, மற்றக் கையால் மடியிலிருந்து போனை எடுத்துக் கட்டைவிரலால் தேடி அழுத்தினார். மணி அடிக்கிறது எனக்கே கேட்டது. "வக்கீல் சார், பலவேசம் பேசுதேன், மில்லுலருந்து. போட்டோக்காரரு வந்துருக்காரு. ஒரு விசயம் சொல்லணுங்காரு" என்று சொல்லிவிட்டுப் போனை என் பக்கம் நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன்.